அப்பாவின்ர கையில ரிமோட்

உங்கட கார் களவு போனா நீங்க முதல்ல என்ன செய்வீங்க?

பொலிசுக்குப் போவீங்க. இன்சூரன்ஸ்காரனுக்கு ஃபோன் அடிப்பீங்க. கள்ளனையும் அவன்ர பரம்பரையையும் சேர்த்துத் திட்டிப்போட்டு, கொஞ்சம் அழுதுபோட்டு, அடுத்த கிழமை வேற கார் பாக்கத் தொடங்குவீங்க. நல்லா இருங்க. எங்கட வீட்டில மறுமொழி வேற. எங்கட கார் களவு போனா அப்பா ஒரு சின்ன பாக்கில ரெண்டு சாரம், ஒரு துவாய், பிரஷர் குளிசை எல்லாத்தையும் அடுக்கிப்போட்டு செற்றியில வந்து இருப்பார். திரும்பி வரப்போறது கார் இல்ல, ஆமி ஜீப் எண்டு அவருக்குத் தெரியும்.

விளங்காத ஆக்களுக்குச் சொல்லுறன். கொழும்பில இப்ப எங்கயாவது ஒரு வாகனம் வெடிச்சா முதல்ல தேடுறது எஞ்சின் நம்பர், செஸி நம்பர். அதைப் பிடிச்சுக்கொண்டு போய் ஆற்ற பேரில பதிஞ்சிருக்கு எண்டு பாப்பாங்கள். அங்க ஒரு தமிழ்ப் பேர் இருந்து, ஐடென்டி கார்டில பிறந்த இடம் யாழ்ப்பாணம் எண்டும் இருந்தா கதை முடிஞ்சுது. "ஐயோ சேர், அந்தக் கார் போன கிழமையே களவு போட்டுது" எண்டு நீங்க சொல்ல, "அப்பிடியோ, இருங்க, டீ குடியுங்க" எண்டு சொல்லுவாங்கள் எண்டு நினைக்கிறீங்களோ?

பிறகேன் கோதாரிக்குக் கார் வாங்கினனீங்கள் எண்டு கேப்பீங்க. அது அம்மா. பஸ்ஸுக்குள்ள குண்டு வைக்கத் தொடங்கின பிறகு அம்மாவுக்கு பஸ் எண்டாலே நெஞ்சு பட படக்கும். ஒருநாள் சீற்றுக்குக் கீழ பொலித்தீன் பாக் ஒண்டு தனியாக் கிடக்குது எண்டு பம்பலப்பிட்டியில துள்ளி இறங்கி, வெள்ளவத்தை மட்டும் நடந்து வந்து சேர்ந்தா. அதுக்குள்ள பாணும் ஒரு பக்கற் மாஜரினும் இருந்ததெண்டு அதே பஸ்ஸில வந்த பக்கத்து வீட்டு அன்ரி பிறகு சொன்னவ. அம்மா கேக்கேல்ல. "பாணுக்குக் கீழ என்ன இருந்ததெண்டு அவ பாத்தவவோ?" எண்டா. அதோட பஸ் முடிஞ்சுது. அப்பா ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினார். வெள்ளை. என்னை விட வயசு கூட. கதவைச் சாத்தேக்க முழுக் காரும் ஒருக்கா இருமும்.

எங்கட ஃபிளாட் வெள்ளவத்தையில, காலி வீதியில இருந்து கடலுக்கு இறங்கிற ஒரு லேனில. கீழ பார்க்கிங் இருக்கு, ஆனா அது முதல் வந்தவைக்கு. நாங்க கடைசியா வந்தனாங்கள். எங்கட கார் வெளியில மதிலோட நிக்கும். அப்பா ஒரு கொம்பனியில கணக்காளர். எந்தக் கணக்கையும் ரெண்டு தரம் கூட்டிப் பாக்கிற ஆள். காரைப் பூட்டிப்போட்டு மேல வருவார், கைப்பிடியை இழுத்துப் பாக்கத் திரும்ப இறங்குவார். நான் பகிடி பண்ணுவன். "அப்பா, உந்தக் காரைக் களவெடுக்கிறவனுக்கு நாங்கதான் சல்லி குடுக்கவேணும்." அவரும் சிரிப்பார். அப்ப சிரிக்கக்கூடியதா இருந்தது.

பிறகு கீழ் மாடி அங்கிளின்ர வான் களவு போட்டுது.

அவர் ஒரு பல் டொக்டர். ஆருக்கும் வாய் திறந்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லாத மனிசன். பாமன்கடையில ஒரு கல்யாண வீட்டுக்குப் போய், சாப்பிட்டுப்போட்டு வெளியில வர வானைக் காணேல்ல. நேர பொலிசுக்குப் போனவர் முறைப்பாடு குடுக்க. முறைப்பாடு எழுதுற அறையில இருந்து இன்னொரு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாங்கள். அங்கயிருந்து இன்னொரு இடத்துக்கு. வீட்டுக்கு வரக் கிட்டத்தட்ட ஒரு கிழமை. கடைசியில பாத்தா வான் ஒரு கராஜில டயரும் சீற்றும் இல்லாம நிண்டது. எடுத்தது சாதாரணக் கள்ளன். அங்கிள் இப்ப பல்கனிக்கே வாறேல்ல.

அப்பா போய் அவரைப் பாத்திட்டு வந்தார். என்ன கதைச்சவை எண்டு எங்களுக்குச் சொல்லேல்ல. முகம் கழுவினார். துடைக்காம வந்து கதிரையில இருந்தார்.

"நாளைக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போறம்," எண்டார்.

"என்னத்துக்கு?"

"காருக்குப் பூட்டுப் போட."

கொட்டாஞ்சேனையில ஒரு முஸ்லிம் நானா இருக்கிறார், காருக்கு அலாரம் போடுற கடை. கடை எண்டா ரெண்டு வாகனம் நிக்கிற கொட்டில். சுவர் முழுக்க வயரும் ஹோர்னும் தொங்கும். நானாவுக்கு வாய் எண்டா அப்பிடியொரு வாய்.

"சேர், நான் ஒண்டு போட்டுத் தாறன் பாருங்க. கள்ளன் தொட்டா ஊரே எழும்பும்," எண்டார்.

அப்பா கேட்டார், "அலாரத்தைக் கழட்டிப்போட்டுக் கொண்டு போனா?"

"கொண்டு போக ஏலாதே சேர். ஸ்டியரிங்குக்கு ஒரு லொக் ஈக்கி. கியருக்கு ஒரு லொக் ஈக்கி."

"ரெண்டையும் வெட்டினா?"

நானா அப்பாவை ஒருக்கா மேலயும் கீழயும் பாத்தார். பிறகு என்னைப் பாத்தார். "மக, வாப்பா என்ன, பேங்க்கா பூட்டப் போறார்?"

"அவர் அப்பிடித்தான் நானா. நீங்க எல்லாத்தையும் போடுங்க."

எல்லாத்தையும் போட்டார். அலாரம், ரிமோட், ஸ்டியரிங்குக்கு இரும்புத் தடி, கியருக்கு ஒரு பூட்டு. கடைசியா ஒரு ரகசிய சுவிட்ச். றைவரின்ர சீற்றுக்குக் கீழ, காப்பெற்றுக்குள்ள, கறுப்பு டேப் சுத்தி ஒளிச்சு வச்சார். அதைத் தட்டாம எஞ்சினுக்குக் கரண்ட் போகாது. முதல்ல ரிமோட், பிறகு சுவிட்ச், பிறகு திறப்பைப் போட்டுத் திருப்பிறது. ஒழுங்கு மாறினா கத்தும். நிப்பாட்டிப்போட்டுக் கதவைச் சாத்தினா, நீங்க ஒண்டும் செய்யத் தேவையில்ல, கொஞ்சத்தில தானாப் பூட்டிக்கொள்ளும். அதுக்குப் பிறகு ஆரும் தொட்டாலும் கத்தும்.

"இப்ப கள்ளனுக்கு மட்டுமில்ல சேர், ஒங்களுக்கே எடுக்க ஏலாது," எண்டு நானா சிரிச்சார். அப்பாவுக்கு அது பகிடியாத் தெரியேல்ல. சந்தோசப்பட்டார்.

அலாரம் போட்ட பிறகு நித்திரை வரும் எண்டு நினைச்சம். மறந்தது என்னெண்டா எங்கட லேனின்ர கடல் முனையில ரெயில் பாதை. மாத்தறை ரெயின் போகேக்க எங்கட யன்னல் கண்ணாடியே அதிரும். கார் அலறும். காகம் பொனட்டில இருந்தா அலறும். கிரிக்கெட்டில வெண்டு ஆரும் சீனவெடி கொளுத்தினா அலறும். சாதாரண ஊரில அலாரம் அடிச்சா சனம் எட்டிப் பாக்கும். எங்கட லேனில அலாரம் அடிச்சா யன்னலெல்லாம் பட பட எண்டு சாத்துப்படும். காருக்குள்ள என்ன இருக்கோ, ஆர் வாறாங்களோ, எங்களுக்கென்ன.

அதால அப்பாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. முதல் சத்தம் முடிய முன்னமே பல்கனிக்குப் பாய்ஞ்சு, ரிமோட்டை நீட்டி அமத்துவார். கீழ கார் கீக் எண்டு ரெண்டு தரம் கண்ணடிச்சு அடங்கும். அப்பா லேனைப் பாத்துக் கையெடுத்து "சொறி, சொறி" எண்டுவார். மேல் மாடியில ஒரு சிங்கள அன்ரி. அவவுக்கு இது ஒவ்வொரு நாளும் படம் பாக்கிற மாதிரி. பல்கனியில இருந்து குனிஞ்சு சிங்களத்தில கேப்பா, "மாத்தயா, இண்டைக்கு ஆர், காகமோ, ரெயினோ?" அப்பா வெக்கத்தில நெளிவார்.

ரிமோட் சேட் பொக்கற்றிலயே இருக்கும். சாப்பிடேக்க கோப்பைக்குப் பக்கத்தில. சாமி கும்பிடேக்கயும் ஒரு கை பொக்கற்றில. அம்மா பேசினா, "கடவுளை நம்பாட்டிப் பரவாயில்ல, ரெண்டு கையாலயாவது கும்பிடுங்கோவன்."

இதை ஏன் இவ்வளவு சொல்லுறன் எண்டா, அந்தப் பழக்கந்தான் கொச்சிக்கடையில எங்களைத் தின்னப் பாத்தது.

அம்மா செவ்வாய்க்கிழமையில கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவா. நாங்க சைவம். அதெல்லாம் கொழும்பில ஆரும் கேக்கிறேல்ல. செவ்வாயெண்டா வெள்ளவத்தைத் தமிழாக்கள், சிங்களவர் எல்லாரும் கொச்சிக்கடையில நிப்பினம். அம்மா நேர்ந்து வச்சிருந்தது என்னெண்டா, "அந்தோனியாரே, கார் களவு போகாமப் பாத்துக்கொள்." சத்தியமா. காணிக்கைக்கு மெழுகுதிரி பக்கற் ஒண்டு. அப்பா லீவு போட்டு வந்தார். நான் பின் சீற்றில.

துறைமுக மதிலுக்குக் கிட்ட ஒரு செக் பொயின்ட். வழமையா ஐசி, அதான் ஐடென்டி கார்டைப் பாத்துப்போட்டு விடுவாங்கள். அண்டைக்கு என்னவோ, ஒவ்வொரு வாகனமா நிப்பாட்டி இறக்கினாங்கள். எங்கட முறை வந்தது. ஒரு ஆமிக்காரன், என்ர வயசுதான் இருக்கும், கண்ணாடியில தட்டி "பஹின்ன" எண்டான். இறங்கட்டாம். எஞ்சினை நிப்பாட்டி மூண்டு பேரும் இறங்கினம். கதவைச் சாத்தினம். நல்ல பிள்ளையள் மாதிரி மூண்டு கதவையும் வடிவாச் சாத்தினம்.

ஐசியைப் பாத்தான். அப்பாவின்ர ஐசியைத் திருப்பித் திருப்பிப் பாத்தான். பிறந்த இடம். "யாப்பனய?" எண்டான், யாழ்ப்பாணமோ எண்டு. அப்பா "ஓவ் சேர்" எண்டார். அந்த 'சேர்' எனக்கு எரிச்சல். அவனுக்கு மீசையே ஒழுங்கா முளைக்கேல்ல. அதுக்கிடையில மற்றவன் ஒருத்தன் பின்னால போய் டிக்கியில கை வச்சான்.

கார் கத்தத் தொடங்கிச்சு.

நீங்க அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க வேணும். மதில்ல பட்டுத் திரும்பி வந்து ரெண்டு மடங்காக் கேக்குது. டிக்கியடியில நிண்டவன் பின்னுக்குப் பாய்ஞ்சான். எங்களுக்குப் பின்னால நிண்ட வாகனங்களில இருந்த சனம் கதவைத் திறந்து ஓடுது. அப்பா என்ன செய்தார் தெரியுமோ? ஒவ்வொரு நாளும் பல்கனியில செய்யிறதைச் செய்தார். கை தானாப் பொக்கற்றுக்குப் போச்சு.

"அத் உஸ்ஸன்ன!" எண்டு கத்தினான் மீசையில்லாதவன். கையைத் தூக்கு. துவக்கு அப்பாவின்ர நெஞ்சுக்கு நேர.

அப்பா கையைத் தூக்கினார். ரெண்டு கையையும். வலக்கையில ரிமோட்.

யோசிச்சுப் பாருங்கோ. துறைமுக மதில். யாழ்ப்பாணத்தில பிறந்த ஒரு மனிசன். தூக்கின கையில கறுப்பா ஒரு சின்னச் சாமான், பெருவிரல் பட்டனில. முன்னால ஒரு கார் அலறிக்கொண்டு நிக்குது.

"பிம தான்ன! பிம தான்ன!" கீழ போடு எண்டு எல்லாப் பக்கத்தில இருந்தும் கத்துறாங்கள். நான் கத்துறன், "அப்பா, போடுங்கோ! கீழ போடுங்கோ!" அம்மா மெழுகுதிரி பக்கற்றை நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு நிக்கிறா.

அப்பா எல்லாரையும் பாத்தார். சத்தம் கூடிப் போச்சு, சனத்துக்குக் கரைச்சல், இதை நிப்பாட்டிப்போட்டுக் கீழ போடுவம் எண்டு நினைச்சிருக்கிறார். பிறகு என்னட்ட அப்பிடித்தான் சொன்னவர். சொறி கேட்டே பழகின மனிசன். அமத்தினார்.

கீக், கீக். கார் ரெண்டு தரம் கண்ணடிச்சுது. கதவுப் பூட்டு டக் எண்டு திறந்தது. சத்தம் நிண்டது.

அதுக்குப் பிறகு வந்த அமைதியில நான் கேட்டது துவக்குகள் லோட் ஆகிற சத்தம் மட்டுந்தான்.

அவங்கள் ஏன் சுடேல்ல எண்டு எனக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியாது. ரெண்டு பேர் பாய்ஞ்சு அப்பாவை ரோட்டில முகம்குப்புறப் படுக்க வச்சாங்கள். ஒருத்தன் ரிமோட்டைக் காலால தள்ளி விட்டான். கண்ணாடி உடைஞ்சுது. காரின்ர இல்ல, அப்பாவின்ர. ஒரு ஒபிசர் வந்தார். கொஞ்சம் வயசான ஆள், குரல் உயர்த்தாம கதைச்சார். அந்தக் குரல்தான் கூடப் பயம். ஆக்களை விட்டுக் காருக்குள்ள டோர்ச் அடிச்சுப் பாக்க வச்சார். சீற்றுக்குக் கீழ காப்பெற்றைத் தூக்கினாங்கள். கறுப்பு டேப். அதுக்குள்ளயிருந்து ரெண்டு வயர்.

தூக்கினவன் காப்பெற்றை மெதுவாத் திரும்ப விட்டான். குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி. பிறகு பின்பக்கமாவே நடந்து வந்தான்.

நான் என்ர சிங்களம் முழுக்கத்தையும் கொட்டினன். எனக்குச் சிங்களம் தண்ணி மாதிரி வரும், கம்பசில பாதி நாள் அதிலதான் சண்டை. சேர், அது கள்ளனுக்கு. அலாரம். கொட்டாஞ்சேனையில போட்டது. சுவிட்சைத் தட்டாட்டி எஞ்சின் எடுக்காது. அவ்வளவுதான் சேர்.

ஒபிசர் கேட்டார், "ஒண்டுமில்லாத சாமான் எண்டா ஏன் ஒளிச்சு வச்சது?"

"ஹொரு நிசா, சேர்." கள்ளரால.

"கள்ளருக்கு ஒளிச்சதோ, எங்களுக்கு ஒளிச்சதோ?"

ரோட்டில படுத்திருந்த அப்பா தலையைத் தூக்காமச் சொன்னார், "நான் தட்டிக் காட்டுறன் சேர்."

"நீ அசையக்கூடாது."

"அப்ப நான் காட்டுறன்," எண்டன். "எனக்கும் கார் ஓடத் தெரியும்."

அம்மாவுக்கு அப்பத்தான் வாய் திறந்தது. "எடியே, நீ போகாத!" எண்டா. பிறகு அவவே வாயைப் பொத்தினா. நல்லா யோசிச்சுப் பாத்தா, அதை விடப் பிழையான வசனம் அந்த இடத்தில இல்ல. ஒபிசர் அம்மாவைப் பாத்தார். தமிழ் விளங்கிற ஆள் போல. "ஏன் போகக்கூடாது?" எண்டு சிங்களத்தில கேட்டார். நான் சொன்னன், "பயந்து போனா, சேர். நீங்க இத்தனை துவக்கைப் பிடிச்சுக்கொண்டு நிக்க அவ என்ன பாட்டோ பாடுறது?" வாய்க்கொழுப்பு. அந்த நேரத்திலயும்.

அவருக்குக் கோவம் வரேல்ல. ரிமோட்டையும், அப்பாவின்ர பொக்கற்றில இருந்த திறப்பையும் எடுத்துக்கொள் எண்டு கையால காட்டினார். பிறகு எல்லாரையும் பின்னுக்குப் போகச் சொன்னார். மண்மூட்டைக்கு அங்கால போய் நிண்டாங்கள். அப்பாவையும் அம்மாவையும் இழுத்துக்கொண்டு போனாங்கள். ரோட்டில நானும் காரும் மட்டும். கொச்சிக்கடையில செவ்வாய்க்கிழமை பகல் ரோட் வெறிச்சோடிக் கிடந்ததை ஆர் பாத்திருப்பாங்கள்?

"நங்கி, மெதுவா," எண்டு ஒருத்தன் பின்னால இருந்து சொன்னான். மீசையில்லாதவன். தங்கச்சியாம். இப்பத்தான் என்ர அப்பாவைச் சுடப் பாத்தவன்.

கதவைத் திறந்து சீற்றில இருந்தன். காருக்குள்ள வழமையான மணம். பழைய ரெக்சின், அம்மா தலையிடிக்குப் பூசிற சித்தாலேப. குனிஞ்சு காப்பெற்றுக்குள்ள கையை விட்டன். டேப் விரல்ல ஒட்டிச்சு. அப்பத்தான் ஒரு நினைப்பு வந்தது, எங்கயிருந்து வந்ததெண்டு தெரியேல்ல. நானாவின்ர கடையில இந்தக் கார் ஒரு முழுப் பகல் நிண்டது. நாங்க சாப்பிடப் போனம். ஆர் வந்தது, ஆர் போனது, ஆர் சீற்றைக் கழட்டினது? எனக்குத் தெரிஞ்சது நானா சொன்னது மட்டுந்தானே. இந்த வயர் எங்க போகுது எண்டு நான் கண்டனானோ?

பாருங்கோ, என்ர சொந்தக் கார். என்ர சொந்த அப்பா போட்ட பூட்டு. அதைத் தட்ட எனக்கே பயம்.

ஒழுங்கை மாத்திப்போட்டன். சுவிட்சைத் தட்டாமத் திறப்பைத் திருப்பினன். கார் திரும்ப அலறிச்சு. மண்மூட்டைக்கு அங்கால நிண்ட அவ்வளவு பேரும் பொத்துப் பொத்தெண்டு விழுந்தாங்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு ரிமோட்டை அமத்தினன். கீக், கீக். சுவிட்சைத் தட்டினன். திறப்பைத் திருப்பினன்.

எஞ்சின் இருமிச்சு. திரும்ப இருமிச்சு. பிறகு பிடிச்சுது.

அந்த ஓட்டைக் காரின்ர எஞ்சின் சத்தம் அவ்வளவு வடிவா அதுக்கு முன்னமும் கேட்டதில்ல, அதுக்குப் பிறகும் கேட்டதில்ல. கண்ணாடியில பாத்தன். ஆமிக்காரர் எழும்பி உடுப்பில மண் தட்டிக்கொண்டு நிக்கிறாங்கள். ஒருத்தன் சிரிக்கிறான். மற்றவனும். அம்மா நிலத்தில இருந்திட்டா.

அதோட விட்டிருந்தா இது ஒரு பகிடிக் கதை. விடேல்ல. "வாக்குமூலம் ஒண்டு எழுதவேணும், அஞ்சு நிமிசம்," எண்டு ஒபிசர் சொன்னார். அந்த அஞ்சு நிமிசம் எங்கட ஆக்களுக்கு நல்லாத் தெரியும். கீழ் மாடி அங்கிளுக்கும் அஞ்சு நிமிசம் எண்டுதான் சொன்னவங்கள். அப்பாவை ஜீப்பில ஏத்திக்கொண்டு போக, நான் பின்னாலயே காரை விட்டன். ஜீப்பைக் கண்ணால விடக்கூடாது எண்டதை மட்டும் நினைச்சு ஓடினன். அம்மா முன் சீற்றில. பொலிசில இறங்கேக்க பாத்தன், பக்கற்றுக்குள்ள மெழுகுதிரி எல்லாம் அவவின்ர கைச் சூட்டில வளைஞ்சு போயிருந்தது.

எங்களை ஒரு மர வாங்கில இருத்திப் போட்டாங்கள். நான் நானாவுக்கு ஃபோன் அடிச்சன். நடந்ததைச் சொன்னன்.

"பட்டன அமத்தினாரா? யா அல்லாஹ், ஏன் அமத்தின?"

"நானா, இப்ப அதைக் கேக்கிற நேரமோ?"

"எந்த பொலிஸ்?"

வருவார் எண்டு நான் நம்பேல்ல. ஆர் வருவாங்கள்? தமிழன்ர காருக்கு வயர் போட்டது நான்தான் எண்டு பொலிசில வந்து சொல்ல ஆருக்கு விசர்? கடையைப் பூட்டிப்போட்டு மோட்டார் சைக்கிள்ள வந்தார். அலாரம் வந்த பெட்டி மாதிரி இன்னொரு புதுப் பெட்டியையும் கையோட கொண்டு வந்தார். அதைப் பிரிச்சு மேசையில பரப்பி, இது ஹோர்ன், இது ரிமோட், இது சுவிட்ச் எண்டு கடையில விக்கிற மாதிரியே சிங்களத்தில விளாசினார். நெற்றியில வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. வாய் மட்டும் நிக்கேல்ல. கடைசியில உள்ளுக்க இருந்த பொலிஸ்காரர் ஒருத்தர் கேட்டார், இதைத் தன்ர மோட்டார் சைக்கிளுக்கும் போட ஏலுமோ எண்டு. எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சன். அப்பா சிரிக்கேல்ல. கண்ணாடி இல்லாம ஆர் சிரிக்கினம் எண்டு அவருக்குத் தெரிஞ்சிருக்காது.

பொழுதுபடேக்க விட்டாங்கள். அங்கிளுக்கு நடந்தது எங்களுக்கு நடக்கேல்ல. ஆனா ஒரு கண்டிசன். ஒளிச்சு வச்ச வயர், சுவிட்ச், ரிமோட், எல்லாம் கழட்டிப்போட்டுக் காரைக் கொண்டு வந்து காட்ட வேணும். வெளியில தெரியிற ஸ்டியரிங் பூட்டு மட்டும் இருக்கலாம். வாசலுக்கு வரேக்க ஒருத்தர் அப்பாவின்ர தோளில தட்டிச் சொன்னார், நல்ல மாதிரித்தான் சொன்னார், "பயப்படாதேங்கோ. உங்கட கார் நம்பர் இப்ப எங்களிட்ட இருக்கு."

அதுதான் அப்பாவை முடிச்சது.

விளங்குதோ? முந்தி கார் களவு போனா, அது ஆரோ ஒரு தமிழன்ர கார். இப்ப களவு போனா, துறைமுகத்தடியில வயரோட பிடிபட்ட கார். எதுவும் வெடிக்கவே தேவையில்ல. காணாமப் போனாலே காணும், ஜீப் வரும்.

நானா கழட்டேக்க முகத்தைத் தூக்கி வச்சிருந்தார். "இப்ப இத ஒரு பச்சப் புள்ளயும் கொண்டு போகும் சேர்," எண்டார். அப்பா தலையாட்டினார். கொண்டுபோய்க் காட்டினம். சரி எண்டாங்கள்.

வித்திடுங்கோவன் எண்டு அம்மா சொன்னா. அப்பா அதையும் கூட்டிக் கழிச்சுப் பாத்திட்டார். இங்க கார் வாங்கிறவன் உடன தன்ர பேருக்கு மாத்த மாட்டான். கையெழுத்தை மட்டும் வாங்கி வச்சுக்கொண்டு வருசக்கணக்கா ஓடுவான். பேர் எங்கட பேர், கார் எங்கயோ. அது களவு போறதை விட மோசம். வீட்டோட வச்சிருந்தாலாவது கண்ணில இருக்கும்.

கண்ணில எண்டதை அவர் அப்பிடியே எடுத்துக்கொண்டார். வேலையால வந்து, தேத்தண்ணி குடிச்சிட்டுக் கீழ போய்க் காருக்குள்ள இருப்பார். றைவர் சீற்றில. புதுக் கண்ணாடியோட பேப்பர் பாப்பார். சனி, ஞாயிறெண்டா விடிஞ்சதில இருந்து. மத்தியானம் நான் சோத்தைக் கொண்டுபோய் யன்னலால குடுப்பன். மேல் மாடி அன்ரி பல்கனியில இருந்து கேட்டா, "மாத்தயா, அந்த அலாரம் பரவாயில்ல. அது சோறு கேக்கேல்ல." அப்பா கை எடுத்து, "சொறி, சொறி."

போன கிழமை நான் கீழ போய்ச் சண்டை பிடிச்சன்.

"அப்பா, நிப்பாட்டின காருக்குள்ள ஒருத்தர் சும்மா இருந்தாத்தான் கூடச் சந்தேகப்படுவாங்கள். உங்களுக்கு விளங்கேல்லையோ?"

"விளங்குது பிள்ளை."

"பிறகு?"

"சந்தேகப்பட்டா வந்து கேப்பாங்கள். கேட்டாச் சொல்ல நான் இருக்கிறன். கார் களவு போட்டுதெண்டா ஆர் சொல்லுறது?"

"எவ்வளவு நாளைக்கு இப்பிடி இருக்கப் போறீங்கள்?"

பேப்பரை மடிச்சார். "நீ போய்ப் படி."

அதுக்கு அடுத்த நாளே பற்றோல் ரோந்து போன ரெண்டு ஆமிக்காரர் கண்ணாடியில தட்டினவங்கள். ஐசியைக் காட்டினார். எந்த மாடி, ஏன் இங்க இருக்கிறாய் எண்டு கேட்டாங்கள். காரைக் காவல் காக்கிறன் எண்டார். ஆரிட்ட இருந்து எண்டு கேட்டாங்கள். மேல போ, திரும்ப இப்பிடி இருக்கக் கண்டா ஏத்திக்கொண்டு போவம் எண்டு சொல்லிப்போட்டுப் போனாங்கள். மேல வந்தார். சேட்டைக் கழட்டிக் கொழுவினார். ஃபேனுக்குக் கீழ கொஞ்ச நேரம் இருந்தார். திரும்பச் சேட்டைப் போட்டுக்கொண்டு கீழ போனார்.

இண்டைக்கு ஞாயிறு. நான் பல்கனிக் கதவோட மேசையைப் போட்டு இதை ரைப் அடிச்சுக்கொண்டிருக்கிறன். அம்மா குசினியில. கார் மதிலோட நிக்குது. அப்பா உள்ளுக்க இருக்கிறார். காலி வீதிப் பக்கமிருந்து ஒரு ஜீப் லேனுக்குள்ள திரும்பியிருக்கு.